செவலை காப்பகத்தில் இருந்த பதினோரு வாரங்கள்

(செப்டம்பர் 28, 2025 ஞாயிறு மாலை நம் சங்கக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தாறு வருடம் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். நேரம் ஆனதும் ஷட்டரை இறக்கிப் பழக்கம். அதனால் யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. படித்தது பி.காம். வாழ்க்கையில் நாய் வளர்த்தவனும் அல்ல. உண்மையைச் சொன்னால் எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். அவன் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. இங்கே என் வயதில் இருப்பவர்களுக்கு அந்தப் பதினான்கு ஊசி ஞாபகம் இருக்கும்.

இன்று உலக வெறிநோய் தினம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895-ல் இறந்த தேதி இது. அதனால்தான் இந்தத் தேதியில் கூட்டம் வைத்தோம். ஆனால் நான் பேசப்போவது பாஸ்டரைப் பற்றி அல்ல, செவலையைப் பற்றி. ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் படுத்திருக்கும் நம் செவலைதான். பிள்ளைகள் அதற்கு 'பிரௌனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணன் 'செவலை' என்பார். நான் செக்யூரிட்டி கட்சி.

மே மாதம் 11-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, செவலை என் பேரனைக் கடித்தது. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தான், எட்டு வயது. பார்க்கிங்கில் என் வண்டிக்குக் கீழே நிழலில் படுத்திருந்த நாயின் தலையைத் தடவப் போயிருக்கிறான். வலது முன்கையில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

ஏ பிளாக் நர்ஸ் அம்மாவுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். நான் மஞ்சள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, "மஞ்சளும் வேண்டாம், கட்டும் வேண்டாம், குழாயைத் திறங்க" என்று சொல்லி, பையன் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினார். பிறகு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசி, கூடவே முதல் தடுப்பூசி. அடுத்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கடைசி ஊசியை பெங்களூரில் போட்டுக்கொண்டான். இப்போது நன்றாக இருக்கிறான்.

அன்று ராத்திரி நான் நன்றாக இல்லை. என் மகள் போனில் அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். 'மேற்படி நாயை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டும், எக்காரணம் கொண்டும் இவ்வளாகத்தில் திரும்ப விடக் கூடாது' என்று. வங்கியில் எழுதிப் பழகிய கை, வாசகம் நன்றாகவே வந்தது. மறுநாள் காலைக்குள் நாற்பத்து மூன்று வீட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. 1913-க்கு போன் செய்தேன். மதியம் வண்டி வந்தது. வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "அந்த நாய் இப்போ எங்கே இருக்கு? பத்து நாளைக்கு அது எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." கடிக்கும் நேரத்தில் நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்தால், அந்த நாய்க்குப் பத்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்து செத்துப்போகும். பத்து நாள் தாண்டி நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியை நிறுத்துவதில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வரும்.

ஆக, யாரை அப்புறப்படுத்தச் சொல்லி எழுதினேனோ, அந்த நாயைப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கே வந்தது. நாயைக் கண்காணிப்புக்கு வைத்திருந்தது புறநகரில் ஒரு காப்பகம். மே 13 அன்று பஸ் பிடித்துப் போனேன். கையில் ஒரு பழைய வங்கி டைரி. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது.

முதல் நாள் பதிவை அப்படியே படிக்கிறேன். 'மே 13. மூலையில், சுவரைப் பார்த்து. வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. வைத்த சோறு அப்படியே இருக்கிறது. நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லையாம். வலது பக்கம் தலை சாய்ந்திருக்கிறது. நாற்றம்.'

அந்த நாற்றம் எதனால் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். சின்ன வயதுப் பெண். மயக்க ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வலது காதுக்குள் புண், புண்ணுக்குள் புழு. எப்போதோ ஒரு சின்னக் காயம் பட்டிருக்கிறது, அதில் ஈ முட்டை இட்டிருக்கிறது. வெயில் காலத்தில் அந்த முட்டை ஒரு நாளிலேயே பொரித்து, புழு சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். அறுபதுக்கு மேல் எடுத்தார்களாம். "பையன் எந்தப் பக்கம் தடவினான் சார்?" என்று கேட்டார். நான் என் கையை நீட்டிக் காட்டினேன். நாய்க்கு எதிரே நிற்கும் பையன் வலது கையை நேராக நீட்டாமல் குறுக்கே கொண்டுபோய்த் தடவியிருக்கிறான். அதே காது. "அப்புறம் கடிக்காம என்ன சார் செய்யும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பல்வலியோடு கவுன்ட்டரில் உட்கார்ந்த நாளில், பாவப்பட்ட வாடிக்கையாளர்களிடம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். ஞாபகம் வந்தது.

ஆனாலும் அன்றைக்கு என் மனசு மாறவில்லை. மாறியது என்று சொன்னால் பொய். புண்ணை ஆற்றட்டும், ஆனால் நாய் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். காப்பகம் என்றால் வேளா வேளைக்குச் சோறு, தலைக்கு மேல் கூரை, பக்கத்திலேயே டாக்டர். தெருநாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த பதிவுகளைக் கேளுங்கள். 'மே 15. தட்டு வைக்க வந்தவர் மேல் பாய்ந்தது. கூண்டுக் கதவில் சிவப்பு அட்டை: ஜாக்கிரதை.' 'மே 18. இடைவிடாமல் குரைக்கிறது. நாலடி முன்னே, நாலடி பின்னே. பக்கத்துக் கூண்டு நாயைப் பார்த்துக் கம்பியைக் கடிக்கிறது.' 'மே 20. காய்ச்சல் 104. மூக்கில் ரத்தம்.'

மே 18 அன்று உங்களில் யாரையாவது அழைத்துப் போய்க் காட்டியிருந்தால், "இது கொடூரமான நாய், இதையா இத்தனை நாள் நம் குழந்தைகள் நடுவில் விட்டிருந்தோம்?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் டைரியில் எழுதினேன். 'குணம் சரியில்லை' என்று. பிறகு அந்த வரியை அடித்தேன். அடித்த காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் காப்பகத்தில் நாய்களுக்குச் சோறு வைத்துக் கூண்டு கழுவும் ஒரு அம்மா இருக்கிறார். பல வருட அனுபவம். அவர் ஒன்று சொன்னார்: "சார், நாய்க்குப் பயம் வந்தா மொதல்ல தள்ளிப் போகத்தான் பாக்கும். இங்க எங்க தள்ளிப் போகும்? சொவருதான் இருக்கு. அதான் எதுத்து நிக்குது." யோசித்துப் பார்த்தேன். நம் வளாகத்தில் செவலைக்குப் பிடிக்காத ஆள் வந்தால் என்ன செய்யும்? எழுந்து இரண்டு கார் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐந்து வருடமாக அதுதான் அதன் வழக்கம். கூண்டுக்குள் அந்த வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது உறுமலும் பாய்ச்சலும்தான்.

இன்னொன்று சத்தம். ஒரு நாய் குரைத்தால் நாற்பது நாய் குரைக்கும். தகரக் கூரை. இப்படிப்பட்ட கொட்டகைகளில் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டுவது சாதாரணம் என்று டாக்டர் சொன்னார். அரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. நாயின் காது நம் காதைவிடப் பல மடங்கு கூர்மை. அதிலும் அந்தக் காதில் புண்.

இங்கே செவலைக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியும். விடிகாலையில் பால் வண்டி, எட்டு மணிக்குப் பள்ளி வேன், மதியம் ஜெனரேட்டர் ரூம் நிழல், ராத்திரி பத்து மணிக்கு செக்யூரிட்டி அண்ணன் சோற்றில் ஒரு பிடி. யார் எப்போது வருவார், எந்தச் செருப்புச் சத்தம் யாருடையது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். அங்கே போனதும் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. புதிதாகக் காப்பகத்துக்கு வரும் நாய்களுக்கு, முதல் சில நாள் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறிக்கிடக்கும் என்று ஆராய்ச்சி செய்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாய்களோடு வேலை செய்கிறவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒன்று சொல்வார்கள்: மிரட்சி குறைய மூன்று நாள், இடம் பழக மூன்று வாரம், தன் இயல்புக்கு வர மூன்று மாதம். நாய்க்கு நாய் வித்தியாசப்படும். ஆனால் முதல் வாரத்தில் பார்த்து ஒரு நாயின் குணத்தை முடிவு கட்டக் கூடாது என்பது நிச்சயம்.

காய்ச்சலுக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறி, பிளேட்லெட் இறங்கிவிடும். செவலைக்கு ஐம்பதாயிரத்துக்கும் கீழே. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சம் இருக்க வேண்டுமாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, இருபத்தெட்டு நாள், ஒரு நாள் விடக் கூடாது. ஆக, நாம் 'சோம்பேறி நாய், எந்நேரமும் படுத்தே கிடக்கிறது' என்று ஏப்ரல் முழுக்கச் சொன்னோமே, அது சோம்பேறித்தனம் அல்ல. உடம்பில் ரத்தம் இல்லை.

மே 21 அன்று பத்து நாள் முடிந்தது. வெறிநோய் இல்லை. என் மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு பக்கத்தில் இருந்த பேரன் போனை வாங்கி, "தாத்தா, அதுக்கு இப்போ காது வலிக்குதா?" என்று கேட்டான். நான் காது விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. அவன் அம்மாதான் சொல்லியிருக்கிறாள்.

பத்து நாள் முடிந்த பிறகு நான் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் போனேன். மாத்திரை இருபத்தெட்டு நாளும் போகிறதா என்று பார்க்கத்தான் என்று வீட்டில் சொன்னேன்.

அந்த அம்மா செய்த வைத்தியத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கூண்டுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பேச மாட்டார். அவ்வப்போது பின்னால் பார்க்காமலே ஒரு துண்டு கோழிக்கறியை உள்ளே போடுவார். "மூஞ்சிக்கு நேரா பாக்காதீங்க சார், அது சண்டைக்குக் கூப்பிடற மாதிரி" என்று என்னையும் பக்கவாட்டில் உட்காரச் சொன்னார். மூன்றாம் வாரம் செவலை கம்பி அருகில் வந்து படுத்தது. ஐந்தாம் வாரம் வால் நிமிர்ந்தது. ஜூன் நடுவில் மாத்திரை முடிந்து, பிளேட்லெட் ஏறி, காதும் ஆறியது. பின்பக்கம் ஒரு சின்ன முற்றத்தில் இரண்டு சாதுவான நாய்களோடு விட்டார்கள். சிவப்பு அட்டையைக் கழற்றினார்கள். வரும்போது 12 கிலோ. ஜூலையில் 15. உடம்பு தேறிய பிறகுதான் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று அர்த்தம். இனி எந்தத் தெருவில் பார்த்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

நல்ல கதையாகத்தான் இருக்கிறது, அப்படியென்றால் அங்கேயே விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் கேட்டீர்கள்! டெல்லிப் பக்கத்து நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 11 அன்று சொன்னதும், இங்கே கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ள அல்லது சந்தேகப்படும் நாயையும் மூர்க்கமான நாயையும் விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. அன்றைக்குக் குழுவில் சத்தமே இல்லை.

நான் பார்த்த காப்பகத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள். ஆனால் செவலை மாதிரி முற்றத்துக்குப் போன நாய்கள் கொஞ்சம். பக்கத்துக் கூண்டில் ஒரு வெள்ளை நாய். மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிமென்ட் தரையில் அதன் கால் தடம் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அதன் தெருவில் யாரோ திரும்ப விட ஒப்பவில்லையாம். என்னைப் போல ஒருவர் அங்கேயும் நல்ல வாசகத்தில் மனு எழுதியிருப்பார்.

நுழைவாயிலில் கிருமிநாசினித் தட்டு வைத்திருப்பார்கள், செருப்பை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பார்வோ என்று ஒரு வைரஸ். குட்டிகளுக்கு வந்தால் ரத்தமாகப் போகும். மாதக்கணக்கில் தரையிலேயே உயிரோடு இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அட்டைப் பெட்டியில் ஐந்து குட்டிகளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை. எவ்வளவு சுத்தம் பார்த்தாலும், நூறு நாய் ஒரே இடத்தில் மூச்சு விட்டால் இருமலும் காய்ச்சலும் கூண்டு கூண்டாகப் போகத்தான் செய்யும்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை, அப்போதைக்கு அதில் போட்டு வைப்போம். நல்ல வசதி. ஆனால் போட்ட தொகையைச் சீக்கிரம் உரிய கணக்குக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் ஆடிட்டில் மாட்டுவோம். காப்பகமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. காயம் பட்டது, நோய் வந்தது, கண்காணிக்க வேண்டியது, இவற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. வார்டில் யாராவது குடித்தனம் நடத்துவார்களா? நமக்குத் தொந்தரவு என்று நினைப்பதை எல்லாம் அங்கே தள்ளிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைப்பது, சஸ்பென்ஸில் போட்டுவிட்டு டாலி ஆகிவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

அனுப்பிவிட்டால் நமக்கு லாபமா என்றால் அதுவும் இல்லை. செவலை இல்லாத அந்தப் பதினோரு வாரத்தில் என்ன நடந்தது? குப்பைத் தொட்டி பக்கம் வெளித் தெருவிலிருந்து இரண்டு புது நாய்கள் வந்துவிட்டன. தடுப்பூசி போட்டதா, கருத்தடை ஆனதா, யாருக்கும் தெரியாது. சோறு கிடைக்கும் இடம் காலியாக இருந்தால் இன்னொரு நாய் வந்து உட்காரும். இது நம் ஊர் பட்ட பழைய அனுபவம். சென்னை மாநகராட்சி நூறு வருடத்துக்கும் மேலாக நாயைப் பிடித்துக் கொன்று பார்த்தது. நாய் குறையவில்லை. ப்ளூ கிராஸ் 1964-லிருந்தே கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகுதான், தொண்ணூறுகளின் நடுவில், மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், அங்கே வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாயைத் துரத்திவிட்டு ஊசி போடாத நாய்க்கு இடம் கொடுப்பது எந்தக் கணக்கு?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மனு எழுதியபோது இது எனக்குத் தெரியாது. மத்திய அரசின் 2023-ம் வருட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாயைக் கருத்தடைக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். குடியிருப்புக்குள் வாழும் நாய்களுக்குச் சோறு போட இடமும் நேரமும் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும், படிக்கட்டுக்கும், நுழைவாயிலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினேனே, அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஜூலை 28 அன்று செவலையைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்று எவ்வளவு சண்டை என்று உங்களுக்குத் தெரியும். பி பிளாக்கில் ஒரு தாய், "கடிச்ச நாயைத் திரும்பக் கொண்டுவந்து விடறீங்களே, உங்க பேரன்தானே சார் அது?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். பயப்படுகிறவர்களைப் பார்த்து ஈரமில்லாதவர்கள் என்று சொல்வதை நாய்ப் பிரியர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போகும்போது நாய் குறுக்கே படுத்திருந்தால் பயம் வரத்தான் செய்யும். எனக்கும் வரும். லிஃப்ட் வாசலில் பிஸ்கட் போடுகிறவர்கள், நாய்க்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அதற்கு விரோதிகளைச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள்.

'மூர்க்கமான நாயை விடக் கூடாது என்று நீதிமன்றமே சொல்கிறதே, செவலை மூர்க்கம்தானே' என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. மூர்க்கமா இல்லையா என்பதை எந்த நாள் பார்த்துச் சொல்வது? மே 11 அன்று பார்த்தாலும் மே 18 அன்று பார்த்தாலும் மூர்க்கம்தான். வலி போய், காய்ச்சல் போய், வைத்தியம் முடிந்த பிறகு, டாக்டர் பார்த்து முடிவு சொன்னார். விட்டு இரண்டு மாதம் ஆகிறது. புகார் ஒன்றும் இல்லை. ஒரு நாள் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் பாஸ்புக் கொடுக்க முடியாது.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

ஏப்ரல் கடைசியில், கடிப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், செக்யூரிட்டி அண்ணன் என்னிடம் வந்தார். "சார், செவலை தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. காதுப் பக்கம் ஒரே நாத்தம். யாருகிட்டயாவது சொல்லணும் சார்" என்றார். அப்போது நான் சங்கத்தின் பொருளாளர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை எல்லாம் யார்ப்பா பாக்கறது? லிஃப்ட் பில் கட்டவே காசு இல்லை." அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு போன் செய்திருந்தால், அல்லது இருநூறு ரூபாய்க்கு ஒரு மருந்து ஸ்ப்ரே வாங்கி ஆள் வைத்து அடித்திருந்தால், என் பேரன் கையில் அந்தத் தழும்பு இருக்காது. நாய் எனக்கு நோட்டீஸ் கொடுத்தது. நான் வாங்கிப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருடம் வாடிக்கையாளர் கடிதத்துக்கு ஏழு நாளில் பதில் போட்டவன் நான். இதை என் மகளிடம் போன மாதம்தான் சொன்னேன். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரே இடத்தில், காலை ஆறரைக்கும் இரவு பத்துக்கும் மட்டும் சோறு. வேறு எங்கேயும் யாரும் போடக் கூடாது. சாப்பிட்டதும் இடத்தைக் கழுவுவது போடுகிறவர் பொறுப்பு.

இரண்டு, செக்யூரிட்டி அறையில் ஒரு ரெஜிஸ்டர். அதில் செவலைக்கு ஒரு பக்கம், புதிதாக வந்த இரண்டுக்கும் பக்கம். தடுப்பூசித் தேதி, அடுத்த வருடம் போட வேண்டிய தேதி. நொண்டுகிறதா, தலையை ஆட்டுகிறதா, சாப்பிடாமல் இருக்கிறதா, முடி கொட்டுகிறதா என்று யார் பார்த்தாலும் எழுதலாம். எழுதினால் இரண்டு நாளுக்குள் ஒருவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்த ஒருவராக இருக்க நான் தயார். புது நாய் இரண்டையும் கருத்தடைக்கு அனுப்பி, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. தூங்குகிற, சாப்பிடுகிற, குட்டியோடு இருக்கிற நாயைத் தொடாதே. தெரியாத நாய் நெருங்கினால் ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், கண்ணை நேராகப் பார்க்காதே. உறுமினால் அது 'தள்ளிப் போ' என்று சொல்கிறது, தள்ளிப் போ. பல்லோ நகமோ பட்டால் அம்மா திட்டுவாள் என்று மறைக்காதே. கடித்தால் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம், உடனே ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம் முழுசாக. வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். இதை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டுகிறோம்.

செவலை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: தலையை ஆட்டுவதில்லை. காலையில் வேன் வரை பிள்ளைகளோடு போய்விட்டுத் திரும்புகிறது. என் பக்கத்தில் வருவதில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து இரண்டு கார் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. வண்டி வந்த அன்று நான் பால்கனியில் நின்றது அதற்கு ஞாபகம் இருக்குமோ என்று என் மனைவியிடம் கேட்டேன். "நாய்க்கு அவ்வளவு எல்லாம் தெரியாதுங்க" என்றாள். இருக்கலாம். தள்ளிப் போக அதற்கு இடம் இருக்கிறதே, எனக்கு அது போதும்.

தீர்மான நகல் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. இதையும் நான்தான் எழுதினேன். இதிலும் முதல் கையெழுத்து என்னுடையது. ஒரே ஒரு வேண்டுகோள். முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஒப்புதல் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மே மாதம் அந்த நாற்பத்து மூன்று பேரில் யாரும் படிக்கவில்லை. எழுதிய நானும் படிக்கவில்லை.